பெட்டிக்கார சாமிக்கு அக்கா எழுதிய கடிதம்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அக்காவின் கடிதம் பத்திரமாக இருந்தது. அதன் பிறகுதான் பெட்டி வந்து சேர்ந்ததா என்று பஸ்ஸின் கூரையைப் பார்த்தேன். அதுவும் வந்திருந்தது. பெட்டிக்குள் ஒரு டேப் ரிக்கார்டர், ஆறு காலி கேசட், என் ஸ்க்ரூ டிரைவர், நாலு சட்டை. வயரிங் வேலை செய்கிறவன் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் நாடு விட்டு நாடு போக மாட்டான்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ஆள். பிறந்தது, வளர்ந்தது, ஷாக் அடித்துக்கொண்டது எல்லாம் அங்கேதான். இந்தியாவுக்கு இதுதான் முதல் தடவை. கோயில் குளம் பார்க்க வரவில்லை. ஒரு கடிதத்தைக் கொடுத்துப் பதில் வாங்கிப் போக வந்தேன்.

கடிதம் என் அக்காவுடையது. முப்பது வருஷமாக எங்கள் எஸ்டேட் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை என்றால் அக்காதான். ஆர்மோனியத்தை வாசித்துக்கொண்டே முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள், ஊர் பின்னால் வரும். போன வருஷம் கழுத்தில் கட்டி வந்து ஆப்பரேஷன் ஆயிற்று. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்போது வருவது காற்று மட்டும்தான். ஏதாவது வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆர்மோனியத்தை மூலையில் தள்ளி, கடைப் பையனை விட்டு அதன் மேல் அரிசி மூட்டையை இறக்க வைத்துவிட்டாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்காவை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, பயமாகவும் இருந்தது.

எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பம்தான் எழுதியிருந்தது: பாப்பாரப்பட்டியில் ஒரு சாமி இருக்கிறார், ஆர்மோனியப் பெட்டி வாசித்தே மனசைச் சரி செய்கிறார், பெட்டிக்கார சாமி என்று பேர், தர்மபுரியில் காதர் பாய் ரேடியோ கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். அக்கா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு ஒரு கடிதம் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, என் கையில் கொடுத்து, சிலேட்டில் "பதில் வாங்கி வா" என்று எழுதினாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். நான் கிளம்பிவிட்டேன்.

காதர் பாய் கடையைக் கண்டுபிடிக்க ஒரு டீ செலவானது. எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற பால் டீயை ஆற்றுகிறவர் ஒரு முழ உயரத்தில் ஆற்றினாலே வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். இங்கே அந்த மனிதர் இரண்டு முழம் ஆற்றிக்கொண்டே எனக்கு வழியும் சொன்னார், பக்கத்துக் கடைக்காரரோடு சண்டையும் போட்டார். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

பாய் ஐம்பத்தைந்து வயதுக்காரர். என் பேரைக் கேட்பதற்கு முன்பே என் டேப் ரிக்கார்டரைத் திறந்து பார்த்துவிட்டார். ஒரே தொழில்காரர்களுக்குள் அது மரியாதைக் குறைவு இல்லை. நானும் அவர் மேஜையில் குடல் பிதுங்கிக் கிடந்த ரேடியோவை எட்டிப் பார்த்தேன்.

"மலேசியாவுல இருந்து சாமியப் பாக்கன்னே வந்தீங்களா தம்பி?" என்றார். "அவரு பெட்டிக்கு ரீடு பாக்கறவன் நாந்தான். அவரு கூட்டற சபைக்கெல்லாம் நான் போறதில்லீங்க. பெட்டிக்கு ஒடம்பு முடியலன்னா அது எங்கிட்ட வரும்."

"நல்லாப் பாடுவாரா பாய்?"

"நாடகத்துல ராஜபார்ட் கட்டுனவரு தம்பி. அப்பல்லாம் மைக்கு ஏது? அவரு மேடையில வாயத் தொறந்தாருன்னா மூணாவது ஊர்ல மாடு தலையத் தூக்கிப் பாக்கும்."

எனக்குப் புல்லரித்தது. "இப்பவும் அப்படித்தானா?"

பாய் டேப் ரிக்கார்டருக்கு மூடியை மாட்டி ஸ்க்ரூவைத் திருகினார். "போங்க. போய் நீங்களே பாத்துக்கோங்க."

அன்று மத்தியானம் பாயே என்னை ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப் போய்க் களி வாங்கித் தந்தார். இலையில் கறுப்பாக, உருண்டையாக, ஆவி பறக்க வந்தது. கூட கொள்ளுக் குழம்பு. நான் பாட்டுக்கு மென்றேன். வாயின் மேற்கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. பாய் பதறிப்போய், "மெல்லக் கூடாது தம்பி, குழம்புல பொரட்டி முழுங்கணும்" என்றார். மேஜையில் இருந்த ஆறு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நான் முழுங்குவதையே பார்த்தார்கள். மூன்றாவது வாயில் தேறிவிட்டேன். இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலை பாப்பாரப்பட்டி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது, மடியில் ஒரு ஆட்டுக்குட்டியும் கிடைத்தது. அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டு வந்தார். "புடிச்சிக்குங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். அது என் காலர் நுனியைத் தின்றுவிட்டது. எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் காலையில் என் சட்டை முழுவதையும் தின்றிருந்தாலும் வந்திருக்காது. இன்னும் அரை மணி நேரத்தில் ராஜபார்ட் குரலைக் கேட்கப் போகிறேன் என்ற சந்தோஷம்.

சாமியின் மடம் ஊர்க் கோடியில் ஓடு போட்ட நீளமான கொட்டகை. பூட்டியிருந்தது. வாசலில் ஒரு அம்மாள் சாக்கை விரித்துப் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். பேர் முனியம்மா என்று பிறகு தெரிந்தது.

"சாமி இல்லீங்க. பரிசல்ல அந்தாண்ட கரைக்குப் போயிருக்கறாரு, கன்னடக்காரங்க ஊருக்கு. நாளைக்குச் சந்தைங்க. சந்தையன்னிக்கு சபை. எப்பிடியும் வந்துருவாரு. இருங்க, எங்க வூட்ல சாப்புடுங்க."

நியாயமாகப் பார்த்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முடியவில்லை. பரிசல் ஒகேனக்கல் துறைக்குத்தான் வரும் என்று கேட்டுக்கொண்டு பென்னாகரம் போய், அங்கிருந்து ஒகேனக்கல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மலைப்பாதையில் அந்த பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்னால் குபுகுபு என்று ஆவி. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரைப் பற்றி நாலு மொழியில் பேசியிருப்பார்கள். இங்கே எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, மர நிழலில் உட்கார்ந்து, வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டர் ஹோஸின் பிடிப்பு தளர்ந்திருந்தது. இறுக்கினேன். ஒரு அம்மாள் குடத்துத் தண்ணீரைத் தந்தார். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று கண்டக்டரைக் கேட்டேன். "இந்த மனுசனைப் பெத்தவங்க கையில ஆயுதம் குடுத்தே அனுப்பிட்டாங்க போலங்கறாங்க" என்று மொழிபெயர்த்து, எனக்கு முன் சீட்டைக் கொடுத்தார்.

ஒகேனக்கல்லில் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை வந்தது. ஆடி மாதத் தண்ணீர் இல்லை, நடுத்தரம்தான் என்றார்கள். அதற்கே பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. எல்லோரும் கையைக் காட்டிக் காட்டித்தான் மீன் வாங்கினார்கள். மிளகாய் பூசின மீன் கல்லில் விழுந்து பொரிவதை மூக்கால் கேட்டேன். நாங்கள் சம்பல் என்கிற மிளகாய் விழுதைத் தடவி வாழை இலையில் சுடுவோம். அது ருசிதான், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் ஆற்றங்கரைப் பாறையில் நின்றுகொண்டு, விரல் சுடச் சுட, முள்ளைத் துப்பிக்கொண்டே தின்ற அந்த மீனுக்கு முன்னால் சம்பல் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தபோது அந்தப் பரிசல் வந்தது. வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அதில் இரண்டு பேர், ஒரு பெட்டி. ஒருவர் துடுப்புப் போட்டார். மற்றவர் விரித்த குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கையிலிருந்த மீனைப் போடவும் மனம் வராமல், பிடித்துக்கொண்டும் ஓட முடியாமல், ஒரு வழியாக வாயில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

ராஜபார்ட் என்றதும் நான் ஆறடி உயரமும் அகன்ற மார்பும் எதிர்பார்த்திருந்தேன். இவர் குள்ளம். மொட்டைத் தலை, பெரிய காதுகள், முழங்கால் வரை ஈர வேட்டி. ரிட்டையர் ஆன தபால்காரர் மாதிரி இருந்தார். காலில் விழப் போனேன். அவர் சட்டென்று நகர்ந்து, ஆர்மோனியப் பெட்டியை எனக்கு முன்னால் தள்ளினார். நான் விழுந்தது பெட்டியின் காலில்.

எழுந்து கடிதத்தை நீட்டினேன். "மலேசியாவிலேருந்து வர்றேன், எங்க அக்கா குடுத்தனுப்பிச்சது" என்று கத்தினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எம்பி என் காதருகே ஏதோ சொன்னார். அருவி இரைச்சலில் ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் நின்ற பரிசல்காரர் மாதப்பன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கத்திச் சொன்னார்.

"கடுதாசிய அவரு வாங்க மாட்டாருங்க. நாளைக்கு சபையில நீங்களே பாடணுமாம்."

"படிக்கணுமா?"

"படிக்கறதில்லீங்க. பாடணும். அங்க யாரு எதைக் கொண்டாந்தாலும் பாடித்தான் சொல்லணும். கடுதாசியானா கொண்டாந்தவரு பாடணும்."

நான் கடிதத்தைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினேன். சாமி சிரித்துக்கொண்டே என்னை மீன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவரும் தின்றார், நன்றாகவே தின்றார். நடுத்துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். "சாமி மீன் சாப்பிடுவாரா?" என்று மாதப்பன் காதில் கேட்டேன். "ஆத்துல வந்தவருக்கு வேற என்னாங்க குடுக்கறது?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் பின்வாங்கியதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை நான் பஜனையில் வாயைத் திறந்தேன். அக்கா வாசிப்பதை நிறுத்தினாள். ஊர் நின்றது. "உனக்குச் சுருதி சேராதுடா, நீ போய் வாசல்ல செருப்பப் பாத்துக்கோ" என்றாள். அன்றிலிருந்து எங்கள் கோயிலில் ஒரு செருப்புகூடக் காணாமல் போனதில்லை. கல்யாணமாகி, தலை நரைக்க ஆரம்பித்து, இன்றும் வெள்ளிக்கிழமையானால் நான் வாசலில்தான் இருப்பேன். குளியலறையில்கூடப் பாடியதில்லை.

பாப்பாரப்பட்டிக்குத் திரும்பி, ராத்திரி முனியம்மா வீட்டில் படுத்தேன். உறையைப் பிரித்து ஒரு முறை பார்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். சோற்றுப் பருக்கை ஒட்டிய இடத்தில் அக்காவின் விரல் ரேகை இருந்தது. பிரிக்கவில்லை.

சந்தை முடிந்து, வெயில் சாயத் தொடங்கியதும் கொட்டகை நிரம்பியது. விற்காத தக்காளிக் கூடையோடு வந்தவர்கள், வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், வேலி ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த வாத்தியார்கள். நூறு பேர் இருக்கும். ஒரு குத்துவிளக்கு, கீழே ஒரு பாய், பாயில் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் சாமி. அவ்வளவுதான். நான் டேப் ரிக்கார்டரை ஓட விட்டு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டேன். ராஜபார்ட் குரல் வந்தால் முள் எகிறுமே என்று வால்யூமைக் குறைத்தும் வைத்தேன்.

சாமி பாடவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஒரு கட்டையை அமுக்கி, அந்த ஒற்றை ஓசையை நீளமாக விட்டார். முன்வரிசையில் ஒரு விவசாயி எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடினார்:

"கெணத்து மோட்டாரு காயிலு எரிஞ்சி போச்சி, நட்ட நெல்லு நாலு நாளா காயுது."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சாமியின் விரல்கள் அவர் குரலைத் தேடிப் போயின. இரண்டு கட்டை தள்ளிப் பார்த்து, மூன்றாவதில் பிடித்தன. பிடித்ததும் அந்த மனிதரின் பாட்டு நிமிர்ந்தது. கூட்டம் முழுவதும் அதே மெட்டில் திருப்பிப் பாடியது: கெணத்து மோட்டாரு காயிலு எரிஞ்சி போச்சி. நூறு பேர் சேர்ந்து பாடியபோது அது கடவுளே வந்து பார்க்க வேண்டிய மோட்டாராக ஆகிவிட்டது. என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அடுத்து ஒரு கன்னடப் பெண். மாடு கன்றைச் சேர்க்க மறுக்கிறது, நான் இரண்டுக்கும் நடுவில் நின்று அழுகிறேன் என்று பாடினாளாம். பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கன்னடம் தெரியாதவர்களும் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிப் பாடினார்கள். பாடி முடித்தவர்கள் வந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாமி அவர்கள் பாடிய மெட்டை ஒரு தடவை தனியாக வாசிப்பார். அதுதான் பதில். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. முகம் தெளிந்து போய் உட்கார்ந்தார்கள்.

பிறகு சாமி என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். ஒரு கையில் மைக், ஒரு கையில் கடிதம். உறையைப் பல்லால் பிரித்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முதல் வரியிலிருந்தே தொடங்கினேன். என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைப் பாட்டு என்று சொல்ல எனக்கே கூசுகிறது.

"சுங்கை சிப்புட், பேராக், மலேசியா…"

விலாசத்தை விட்டுவிட வேண்டும் என்பது அந்த மக்களுக்குத் தோன்றவில்லை. நூறு பேரும் உருகிப் பாடினார்கள்: சுங்கை சிப்புட், பேராக், மலேசியா. சாமியின் விரல் கீழே கீழே இறங்கி, நான் இருக்கும் இடத்துக்கு வந்து நின்றது. யாரோ இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

"இந்தக் கடிதம் கொண்டு வருவது என் தம்பி. நல்லவன். சாப்பாட்டைக் கண்டால் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவான்."

பாடினார்கள்.

"அவனைப் பாட மட்டும் விடாதீர்கள். அவனுக்குச் சுருதி சேராது."

இதையும் நான் பாடித்தான் தீர வேண்டியிருந்தது. பாப்பாரப்பட்டி முழுவதும் மனமுருகித் திருப்பிப் பாடியது, என் தம்பிக்குச் சுருதி சேராது என்று. முனியம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அக்கா மேல் கோபமும் வந்தது. அந்த வேகத்தில் அடுத்த வரியை எடுத்தேன்.

"ஆப்பரேஷன் ஆனது. உயிர் பிழைத்தாய் என்கிறார்கள். என் குரல் போய்விட்டது."

நூறு பேர் உரத்த குரலில் பாடினார்கள்: என் குரல் போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை இப்போது வேறு ஆட்கள் முதல் அடி எடுக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சாமிக்கு முன்னால் உட்கார்ந்து பொறாமைப்படுகிறேன். அதனால்தான் போவதை நிறுத்திவிட்டேன். இதை என் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை."

கூட்டம் இதையும் திருப்பிப் பாடியது. குரல் போனதற்காக அழுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாதமாக எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"குரல் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. டாக்டர் வராது என்றுவிட்டார். பாட முடியாதவள் அங்கே எதற்கு உட்கார வேண்டும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

கடைசி வரியைத் திருப்பிப் பாடிவிட்டுக் கூட்டம் அடங்கியது. சாமி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விலாசத்திலிருந்து ஆரம்பித்து முழுக் கடிதத்தையும் பெட்டியில் வாசித்தார். மற்றவர்களுக்குச் செய்தது போல் ஒரு அடி அல்ல, முழுவதும். சுங்கை சிப்புட் வந்தது. சுருதி சேராத தம்பி வந்தான். பொறாமை வந்தது. என் கரகரப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அவ்வளவு அழகாக வந்தது. கூட்டத்தில் எல்லோர் உதடும் அசைந்தது, ஒருவர்கூடச் சத்தம் எழுப்பவில்லை.

அழகுதான். ஆனால் அக்காவுக்கு நான் என்ன பதிலைக் கொண்டு போவேன்? அவள் கேட்டது கேள்வி. எனக்கு வார்த்தையாக ஒன்று வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் மடத்துக்குப் போனேன். சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். அருவி இல்லை, கூட்டம் இல்லை, ஒரு காக்கை மட்டும் இருந்தது. "சாமி, அக்காவுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது. காற்றோடு காற்றாக வார்த்தைகள் வந்தன. பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக என் அக்காவின் தொண்டையிலிருந்து வருகிற அதே சத்தம்.

அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடையிலயே போச்சிங்க," என்றார் சாமி. "ராஜா வேசம். வாளை ஓங்கிக்கிட்டு வாயத் தொறந்தா ஒண்ணுமில்ல. சனங்க சிரிச்சாங்க. வாளைப் போட்டுட்டு, பெட்டிய மட்டும் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டேன். ஏன் பெட்டியத் தூக்குனேன்னு இன்னிக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"இந்தக் கொட்டாயில வந்து படுத்துக் கெடந்தேன். ஒருநாளு முனியம்மா இந்த வாசப்படியில ஒக்காந்து அழுதுச்சி. அது அழுவறதே பாட்டா வரும். எனக்குக் கை சும்மா இருக்கல. அது அழுவுற சுருதியப் புடிச்சேன், அவ்வளவுதான். அடுத்த சந்தைக்கி இன்னொரு அம்மாவக் கூட்டியாந்துச்சி. நான் சாமி ஆவலீங்க. அவங்க பாடுனாங்க, நான் புடிச்சேன். அவங்கதான் சாமின்னாங்க."

"மத்தவங்க பாடறதைக் கேட்டா உங்களுக்குப் பொறாமை வரலியா சாமி?"

"வரும். நேத்துகூட அந்த மோட்டாருக்காரர் மேல வந்திச்சி. நல்ல தொண்டை அவருக்கு." வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார். "அக்கா என்னா கட்டையில பாடுவாங்க?"

"அஞ்சரைன்னு சொல்லும்."

"நீங்க ஒண்ணரை. அதுக்கும் கொஞ்சம் கீழ. எப்பிடிங்க சேரும்? பெட்டி எறங்கி வந்திருக்கணும்." தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. "பெட்டி இப்ப எங்க இருக்குது?"

"மூலையில. மேல அரிசி மூட்டை."

சாமி சிரிப்பதை நிறுத்தினார். "மூட்டைய எறக்கச் சொல்லுங்க" என்றார். நான் பஸ் ஏறும்போது ஒரு டின் நிறைய முனியம்மாவின் புளியும், நாலு உருண்டை களி கிண்டும் அளவு ராகி மாவும் என் பெட்டியில் ஏறியிருந்தன. தர்மபுரியில் காதர் பாய் என் முகத்தைப் பார்த்ததும் கடையை விட்டு வெளியே வந்தார். டீ வாங்கித் தந்தார், இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.

வீடு வந்து சேர்ந்ததும் அக்கா சிலேட்டை எடுக்கவில்லை. கண்ணாலேயே கேட்டாள். நான் கேசட்டைப் போட்டேன். ஆசை ஆசையாக எடுத்து வந்த அந்தக் கேசட்டில் எல்லோரையும் விட உரக்கக் கேட்டது என் குரல்தான். மைக் என் கையிலேயே இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். அக்கா முகம் சுளித்தாள். பிறகு பாப்பாரப்பட்டி பாட ஆரம்பித்தது. "என் தம்பிக்குச் சுருதி சேராது" என்று நூறு பேர் உருகியபோது அக்காவின் தோள் குலுங்கியது. எட்டு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள். பொறாமை வரி வந்ததும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமி தனியாக வாசித்த இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டச் சொன்னாள்.

சாமியின் குரலைப் பற்றிச் சொன்னேன். மூட்டையை இறக்கச் சொன்னார் என்றேன். அக்கா மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். அந்த மூட்டை ஐம்பது கிலோ, ஆப்பரேஷன் ஆனவள் இறக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே போய் இறக்கினேன்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். பழக்கத்தில் விரல் ஐந்தரைக்குப் போயிற்று. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்க ஆரம்பித்தாள். இறங்கிக்கொண்டே தாடையால் என்னைச் சுட்டினாள்.

"வெள்ளிக்கிழமைக்கா?" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

"அப்ப செருப்ப யாரு பாத்துக்கறது?"

அக்கா என் ஒன்றரைக் கட்டையைக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.